மாத நினைவு முடிந்ததும் பேசலாம்

"எல்லாரும் நல்லது பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டபடி டிம்ப்னா மல்விஹில் கையுறைகளைக் கழற்றுகிறார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிறார். சமையலறையில் பேச்சு அடங்குகிறது. சாண்ட்விச்சை வாயில் வைத்திருப்பவர்கள் மெல்லுவதை நிறுத்துகிறார்கள். பாதிரியார் கார்மக் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தவர்போல எழுந்து, எல்லோருக்கும் ஆசீர் சொல்லி, கூடத்துக்குப் போய்த் தன் கழுத்துத் துணியைத் தேட ஆரம்பிக்கிறார். அது அவர் கழுத்தில்தான் இருக்கிறது. நெடுநேரம் தேடுவார்.

"வின்சென்ட் நல்லவன். அதுல யாருக்கும் சந்தேகமில்ல," என்று தொடங்குகிறார் டிம்ப்னா. "ஆனா அவனுக்குத் தெரியாத விஷயம்னு இந்த உலகத்துல ஒண்ணாவது இருந்துச்சா? மாட்டு டாக்டருக்கே ஊசியை எங்க குத்தணும்னு சொல்லிக் குடுத்தவன். மாடு செத்துப்போச்சு. செத்த மாட்டுப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு டாக்டர்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'நான் சொன்ன மாதிரி நீங்க குத்தல'ன்னான்."

யாரோ மூக்கால் சிரிக்கிறார்கள். வின்சென்ட்டின் மனைவி அட்ராக்டா கனிங் மேஜையின் ஒரு கோடியில் கறுப்பு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். தலை நிமிரவில்லை.

"வழி கேட்டா தெரியாதுன்னு சொல்லவே மாட்டான். கால்வே போக வேண்டிய ஜெர்மன்காரங்களை எந்தப் பக்கம் அனுப்பினானோ, அவங்க சாயங்காலம் சுத்திக்கிட்டு இதே வாசல்ல வந்து நின்னாங்க. 'பாத்தியா, ஊரையெல்லாம் பாத்துட்டு பத்திரமா வந்துட்டாங்க'ன்னான்."

அட்ராக்டா முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொள்கிறார். தோள்கள் குலுங்குகின்றன. பக்கத்தில் இருப்பவர் ஆறுதலாக முதுகைத் தடவப் போன பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிகிறது. "அவரேதான்! ஐயோ, அப்படியே அவரேதான்!" என்கிறார் அட்ராக்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க கல்யாணத்தன்னிக்கு, பூசை நடுவுலயே பாதிரியாரைத் திருத்தினாரு!"

ஒரு மாதமாக 'தங்கமான மனுஷன், தங்கமான மனுஷன்' என்று கேட்டுக் கேட்டு, தான் யாரோடு வாழ்ந்தோம் என்பதே அட்ராக்டாவுக்குக் குழம்பிப்போயிருந்தது. டிம்ப்னா ஐந்து நிமிடத்தில் ஆளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இது போன அக்டோபரில், வின்சென்ட்டின் மாத நினைவன்று நடந்தது. எங்கள் ஊர் கில்மோரனில் யாருடைய மாத நினைவானாலும் இதுதான் நடக்கும்.

இறந்து ஒரு மாதம் ஆனதும் வைக்கிற பூசைக்கு ஆங்கிலத்தில் 'மன்த்ஸ் மைண்ட்' என்று பெயர். மைண்ட் என்றால் மனம் என்று பள்ளியில் படித்தவர்கள் இங்கே கொஞ்சம் தடுமாறலாம். இந்த இடத்தில் அதற்கு நினைவு என்று பொருள், பழைய பொருள். இங்கிலாந்தில் இந்தச் சொல் எப்போதோ செத்துவிட்டது. சொல்லுக்கு அங்கே யாரும் மாத நினைவு வைத்ததாகத் தெரியவில்லை. அயர்லாந்தில் மட்டும் அது உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. உள்ளூர் வானொலியில் செய்தி முடிந்ததும் மரண அறிவிப்புகளோடு சேர்த்து வாசிக்கிறார்கள். செத்தவரின் படமும் ஒரு செபமும் அச்சடித்த அட்டையை அன்றைக்குத்தான் கொடுக்கிறார்கள். பாஸ்டனிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, துக்கத்தில் இருப்பவர்களுக்கு மனநல மருத்துவர் வந்து பேசுகிற நாள் என்று நினைத்துக்கொண்டார். டிம்ப்னாவைப் பார்த்த பிறகு, தான் நினைத்தது சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் இது ஒரு கால அளவும்கூட. மாத நினைவு வரைக்கும் செத்தவரின் மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுக்க மாட்டார்கள். அவர் மாட்டை விற்க மாட்டார்கள். அவருக்குப் பிடிக்காத திரைச்சீலையை மாட்ட மாட்டார்கள். 'இந்தக் கூரை அதோட மாத நினைவு வரைக்கும்கூடத் தாங்காது' என்று கொத்தனார் சொன்னால், யாரும் விளக்கம் கேட்பதில்லை.

டிம்ப்னாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. விவசாயிகள் கூட்டுறவுக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் வாழ்நாள் முழுவதும் நின்றவர். ஆணி, முள்கம்பி, ரப்பர் பூட்ஸ், ஆட்டுக்குக் குடற்புழு மருந்து எல்லாம் அவர் கையால்தான் ஊருக்குள் போயின. எந்த வீட்டு ஆட்டுக்குப் புழு, எந்த வீட்டு வேலியில் ஓட்டை என்று தெரிந்தவருக்கு, அந்த வீட்டு மனிதர்களைப் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வெயில் காலத்திலும் குடை எடுத்துப் போவார். மழை வந்தால் விரிக்க மாட்டார், நனைந்துவிடும் என்பார். கோவிலில் வெப்பக் குழாய்க்குப் பக்கத்து இருக்கை அவருடையது. முழங்கால் போட மாட்டார். "கடவுளுக்கு என் மூட்டு தெரியும்," என்பது அவர் வாதம். ஆனால் பூசை நடக்கும்போது ஒரு முறைகூடக் கண்ணை மூடியதில்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமே.

அடக்கத்துக்கு வருகிறவர்களை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. "அதுக்கு ஊரே வரும். ஓட்டு கேக்கறவன் வருவான், இன்சூரன்ஸ்காரன் வருவான், சும்மா மழைக்கு ஒதுங்கினவன்கூட வரிசையில நின்னு கை குடுத்துட்டுப் போவான். மாச நினைவுக்கு வர்றவன்தான் ஆளு." அதனால் ஊரில் எந்த மாத நினைவையும் அவர் விட்டதில்லை. பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பேதமும் இல்லை. பிடிக்காதவர்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுவார்.

அந்த ஒரு மாதம் மட்டும் செத்தவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. யாராவது எடுத்துக்கொடுத்தாலும் "அப்புறம் பேசலாம்" என்று நிறுத்திவிடுவார். காரணம் கேட்ட பாதிரியாருக்கு அவர் சொன்னது: "மேல விசாரணை நடந்துக்கிட்டு இருக்கும், ஃபாதர். நடுவுல நாம போய் சாட்சி சொல்லிக் கெடுக்கக் கூடாது. ஒரு மாசத்துல தீர்ப்பு வந்திருக்கும். அதுக்கப்புறம் நாம என்ன பேசினாலும் அவனுக்கு ஒரு கெடுதலும் இல்ல."

"திருச்சபையில அப்படி ஒரு போதனையே இல்லையே, டிம்ப்னா."

"உங்களுக்குச் சொல்லாம விட்டிருப்பாங்க. நீங்க சின்ன வயசு."

குறையைச் சொல்வதிலும் அவருக்குச் சட்டம் உண்டு. சொல்கிறவர் அடக்கத்துக்கு வந்தவராக இருக்க வேண்டும். எவ்வளவு கசப்பாக இருந்தாலும் நடந்ததை மட்டுமே சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் முதலில் சொல்லக் கூடாது. "வீட்டுக்காரங்க சொன்னா அது புலம்பல். வெளியாள் சொன்னாத்தான் சாட்சி." இந்தக் கடைசிச் சட்டத்தில் தானே ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்று அவர் யோசித்திருக்கவில்லை. சட்டம் போடுகிறவர்கள் பொதுவாக யோசிப்பதில்லை.

பிப்ரவரியில் அவருடைய தம்பி மாலக்கி இறந்தார்.

அக்காவுக்கும் தம்பிக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாகவே இருந்தார்கள். தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டார், அக்கா கடைக்குப் போனார். சண்டையை இருவரும் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் ஆரம்பித்த ஒரு சண்டை, ஜன்னலையே மாற்றிய பிறகும் தொடர்ந்தது. கோபம் வந்தால் டிம்ப்னா கத்துவார். மாலக்கி பேச்சை நிறுத்திவிடுவார். வாரக்கணக்கில் நிறுத்துவார். ஊருக்கு டிம்ப்னாவின் குரல் கேட்டது. மாலக்கியின் மௌனம் கேட்கவில்லை. ஆகவே அந்த வீட்டில் சண்டைக்காரி யார் என்பதில் ஊருக்குக் குழப்பமே இல்லை.

மாலக்கியின் அடக்கத்துக்கு வந்த கூட்டம் கோவிலைத் தாண்டிப் பள்ளிக்கூட மதில்வரை நின்றது. ஊர்க் கால்பந்துக் குழுவினர் மரியாதைக்காக இரண்டு பக்கமும் அணிவகுத்தார்கள். ஒவ்வொருவராக வந்து டிம்ப்னாவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள்: "சாந்தமான மனுஷன்." "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் பாத்ததில்ல." "அவரோட பொறுமைக்கு நேரா மோட்சம்தான்." கடைசி வாக்கியத்தைச் சொன்னவர், சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்து, வேகமாக நகர்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த மாதம் முழுவதும் இதேதான். இறைச்சிக் கடையில், தபால் நிலையத்தில், கோவில் வாசலில். ஒருநாள் அவர் குடையை ஊன்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஊரே சொல்லுது அவன் சாந்தம்னு. எல்லார்கிட்டயும் நல்லா பேசுவானாம். என்கிட்ட மட்டும்தானே வாயை மூடிக்கிட்டான்? அப்போ கோளாறு யாருகிட்ட? இத்தனை வருஷமா அந்த வீட்டுல ஒரு நல்ல மனுஷனை நான் படுத்தி எடுத்திருக்கேன், அவ்வளவுதானே?"

நான் வானத்தைப் பார்த்து, மழை வரும்போலிருக்கிறது என்றேன்.

"பரவாயில்ல, விடு," என்றார் அவர். "மாச நினைவு வரட்டும். யாராவது சொல்லுவாங்க."

அட்ராக்டா கனிங் நல்ல மனம் உள்ளவர். அந்த நல்ல மனத்தோடு அவர் மாத நினைவுக்கு முந்தின நாட்களில் வீடு வீடாகப் போயிருக்கிறார். "பாவம், துணைக்குன்னு ஒரு தம்பி, அதுவும் போயிடுச்சு. நமக்கெல்லாம் அந்தம்மா செஞ்ச மாதிரி அங்க போய் யாரும் எதுவும் சொல்லி வெச்சிடாதீங்க. தாங்க மாட்டாங்க," என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் துக்கத்தை ஆற்றிய மருந்து அடுத்தவருக்கு மட்டும் விஷமாகிவிடும் என்று நம்புவதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒருவர் சொன்னால் போதும்.

சனிக்கிழமை மாலைப் பூசைக்குக் கோவில் நிரம்பியது. மாத நினைவுக்கு அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அதன்பின் டிம்ப்னாவின் சமையலறையில் நிற்க இடமில்லை. பன்றி இறைச்சி சாண்ட்விச், ஆப்பிள் பை, பெரிய கேத்தலில் தேநீர், ஆண்களுக்குக் கொஞ்சம் விஸ்கி. டிம்ப்னா எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டே வந்தார். முகத்தில் ஒரு பரபரப்பு, பரிசு பிரிக்கப் போகும் குழந்தைக்கு இருப்பதுபோல. பாதிரியார் கார்மக் அன்று கழுத்துத் துணியைத் தேடப் போகவில்லை. தேட வேண்டிய அவசியம் வராது என்று அவருக்கும் சொல்லியிருந்தார்கள்.

"சரி," என்றார் டிம்ப்னா, கேத்தலை இறக்கி வைத்து. "நல்லது பேசி முடிச்சாச்சா?"

எல்லோரும் சாண்ட்விச்சைக் கடித்தார்கள். கதவோரம் நின்ற அட்ராக்டா மட்டும் கனிவாகச் சிரித்தார். "நல்லதைத் தவிர பேசறதுக்கு என்ன இருக்கு, டிம்ப்னா?"

டிம்ப்னா சுற்றிலும் பார்த்தார். உதவி தேவைப்படுகிறது என்று நினைத்துக்கொண்டார்போலிருக்கிறது. "அவன் கார் ஓட்டுவானே," என்றார். நடு ரோட்டைவிட்டு நகராமல், பின்னால் பால் வண்டி ஒலியெழுப்பிக்கொண்டே வர, மாலக்கி ஓட்டிய கதை ஊருக்கே தெரியும்.

"ரொம்ப ஜாக்கிரதையான ஆளு," என்றார் பால் வண்டிக்காரர்.

"சீட்டு ஆடுவானே?"

"நேர்மையா ஆடுவாரு," என்றார் இன்னொருவர், தேநீரைப் பார்த்துக்கொண்டு.

"நேர்மையா!"

"பாட்டு நல்லா பாடுவாரு," என்றது ஒரு குரல், கேட்காமலே.

டிம்ப்னா மறுபடி கேத்தலைத் தூக்கினார். நிரம்பியிருந்த கோப்பையில் ஊற்றினார்; தேநீர் வழிந்து மேஜைவிரிப்பில் பரவியது. யாரோ துணி எடுத்து ஒற்றினார்கள். அந்த இறுக்கத்தைத் தளர்த்தவேண்டும் என்று பாதிரியார் தொண்டையைச் செருமினார்.

"உண்மையிலயே அமைதியான ஆத்மா," என்றார்.

"அமைதி," என்று டிம்ப்னா திருப்பிச் சொன்னார். அந்தச் சொல்லோடு அவர் முகத்தில் இருந்த பரபரப்பு அணைந்துவிட்டது. தீர்ப்பு வந்துவிட்டது, மாலக்கிக்கு அல்ல.

அப்போதுதான் கதவுக்குப் பக்கத்திலிருந்து, "அமைதியா?" என்று ஒரு குரல் கேட்டது.

ஜார்லத் ஸ்கஹில். மல்விஹில் நிலத்துக்கு வேலியடுத்த நிலம் அவருடையது. தனியாள். அடக்கத்தன்று சவப்பெட்டியை முன்னால் தூக்கியவர். ஊருக்குள் அதிகம் வராதவர். வந்தாலும் அதிகம் பேசாதவர். அட்ராக்டா அவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருந்தார். ஆனால் அப்போது அவர் டிராக்டரில் இருந்தார், டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது, கேட்காமலே தலையை ஆட்டியிருக்கிறார்.

"அமைதி இல்ல, ஃபாதர். அது உம்மணாமூஞ்சித்தனம்," என்றார் ஜார்லத். "என்கிட்ட அவன் ஒரு வருஷத்துக்கு மேல பேசல... ஏம்மா அட்ராக்டா, எதுக்குக் காலை மிதிக்கிற?"

"அவனை விடு, அட்ராக்டா," என்றார் டிம்ப்னா. குரல் உயரவில்லை. "நீ சொல்லு, ஜார்லத். உன்கிட்ட பேசலையா? மாலக்கியா?"

"வேற யாரு? தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். காலையில ஒரு வணக்கம் கிடையாது. மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு நிப்பான். ஏதாவது சொல்லியே ஆகணும்னா என் நாய்கிட்ட சொல்லுவான்."

"நாய்கிட்ட," என்றார் டிம்ப்னா.

"'உங்க ஆளுகிட்ட சொல்லு, கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டான்'னு. நான் அங்கயே நிக்கறேன், ஃபாதர்! இந்த நாற்காலிக்கும் எனக்கும் உள்ள தூரத்துல நிக்கறேன். என் நாய் பாவம், அவன் மூஞ்சியைப் பாக்கும், என் மூஞ்சியைப் பாக்கும்."

டிம்ப்னா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "உன்கிட்டயுமா?" என்றார். "எனக்கும் அப்படித்தான். எங்க நாய்கிட்டதான் சொல்லுவான். 'டீ ஆறிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு'. அது செத்ததுக்கப்புறம் அடுப்புகிட்ட சொன்னான். நான்... அது எனக்கு மட்டும்னு நெனச்சேன்."

"உனக்கு மட்டுமா? பால் வண்டிக்காரனைக் கேளு!"

எல்லோரும் பால் வண்டிக்காரரைப் பார்த்தார்கள். அவர் அட்ராக்டாவைப் பார்த்தார். அட்ராக்டா கூரையைப் பார்த்தார். பிறகு பால் வண்டிக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். "நடு ரோட்டுல போறீங்களேன்னு ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், ஃபாதர். அதுலேர்ந்து ரெண்டு கிறிஸ்துமஸ் என் கண்ணைப் பாக்கல."

அதன்பிறகு அணை உடைந்தது. சீட்டாட்டத்தில் மாலக்கி சட்டைக் கைக்குள் ராஜாவை வைத்திருந்தது, அடுத்தவர் கதையின் முடிவை அவசரமாகத் தானே சொல்லிவிடுவது, பாட்டில் முதல் அடி மட்டுமே தெரிந்துகொண்டு அதையே நான்கு முறை பாடுவது எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் டிம்ப்னா, "ஆமா," என்றார். "ஆமா, ஆமா. அதுதான். அவனேதான்." ஒரு கட்டத்தில் முந்தானை இல்லாத குறைக்கு மேஜைவிரிப்பின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதிரியார் விஸ்கி கேட்டு வாங்கினார்.

"சரி, உன்கிட்ட எதுக்குப் பேசல?" என்று டிம்ப்னா ஜார்லத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்லாத விஷயம். என் கிடாரி வேலியைத் தாண்டி உங்க தோட்டத்துக்குள்ள வந்துடுச்சு. அதுக்குப் போய்..."

"எப்போ?"

"அந்த மழை வருஷம்."

டிம்ப்னா நிமிர்ந்தார். "அந்த வருஷம் எங்க முட்டைக்கோஸ் முழுக்கத் தின்னது உன் கிடாரியா?"

"கொஞ்சம்தான் தின்னுச்சு."

"கொஞ்சமா! ஒரு வரிசை மிச்சமில்ல! அவன் எனக்கு முயல்னு சொன்னான். உன்னைக் காட்டிக் குடுக்காம முயல்னு சொல்லியிருக்கான், நீ என்னடான்னா இங்க நின்னு அவனைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருக்க? வேலி கட்டத் துப்பில்ல, அவன் மூஞ்சியைத் தூக்கினானாம்! நானா இருந்தா ரெண்டு வருஷம் பேசியிருக்க மாட்டேன்! அவன் செஞ்சது முழுக்க நியாயம்!"

மாலக்கி செய்ததை டிம்ப்னா நியாயம் என்று சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. மாலக்கி கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ. அநேகமாக அடுப்பிடம் ஏதாவது சொல்லியிருப்பார்.

ஜார்லத் அசட்டுத்தனமாகச் சிரித்தபடி நின்றிருந்தார். டிம்ப்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போனார். முட்டைக்கோசைப் பற்றி இன்னும் திட்டிக்கொண்டேதான் இருந்தார். திட்டை நிறுத்தாமலே கையை நீட்டி, ஜார்லத்தின் சட்டைக் காலரில் உள்ளே மடிந்து கிடந்த ஒரு முனையை வெடுக்கென்று வெளியே இழுத்துவிட்டு, அதை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து நேராக்கினார்.